நரம்பைத் தாக்கும் நோய்... பின்னணியில் ஒரு வைரஸ்!

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கும். கை, கால் மரத்துப்போகும். சில வாரங்களில் தானாகவே சரியாகியும்விடும். `தூக்கம் போதலை, வேலை டென்ஷன்' என்று இளைஞர்கள் பலர் இதைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால், இது `மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும் நோய் இது.

மின்வயருக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நம் நரம்பிழைகளுக்கு `மயலின்' உறை உண்டு. நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே அந்த உறையைச் சிதைப்பதுதான் பிரச்னை.

ஏன் இப்படி? அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்களை அலசிய ஹார்வர்டு ஆய்வாளர்கள், 2022-ல் முக்கியமான விடை ஒன்றைச் சொன்னார்கள். எச்சில் வழியே பரவும் `எப்ஸ்டீன் - பார்' வைரஸ் தொற்றியவர்களுக்கு இந்த நோயின் அபாயம் 32 மடங்கு அதிகரித்திருந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காரணத்தையும் காட்டியது. இந்த வைரஸின் ஒரு புரதமும், மூளையில் உள்ள ஒரு புரதமும் ஒரே சாயல். வைரஸை அடிக்கக் கிளம்பும் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி நரம்பை அடிக்கிறது.

பதற வேண்டாம். உலகில் 10 பேரில் 9 பேருக்கு மேல் இந்த வைரஸ் தொற்றுகிறது. நோய் வருவதோ மிகச் சிலருக்கே. மரபணு, வைட்டமின் டி குறைபாடு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

வைரஸுக்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால், நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் பாதிப்பைக் குறைக்கலாம். எனவே, பார்வை மங்கினாலோ, மரத்துப்போனாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். `அதான் சரியாகிடுச்சே' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்!