புரோகிராம் இல்லாமல் நடக்கிற றோபோ

றோபோ போட்டி எண்டாலே எங்கட ஆக்களுக்கு ஆர்டுயினோதான். ஒரு போர்ட், ஒரு லப்டொப், இணையத்தில் இருந்து அப்படியே இறக்கின புரோகிராம். கார் ஓடிவிட்டால் எல்லாரும் கைதட்டுவினம். லப்டொப் இல்லாத பிள்ளை அந்தக் குழுவில் என்ன செய்யும்? வயர் பிடிக்கும். நாங்களும் அப்படி வயர் பிடித்த ஆக்கள்தான். அதனால் இந்த எழுத்தில் கொஞ்சம் கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் சொல்லவாறது, தொடங்குகிற ஆளின் முதல் றோபோவில் புரோகிராமே இருக்கக்கூடாது எண்டுதான்.

இது புது யோசனை இல்லை. 1940களின் கடைசியில் கிரே வால்டர் பிரிஸ்டலில் செய்த ஆமை றோபோக்கள் இரண்டே இரண்டு வால்வுகளை வைத்து வெளிச்சத்தைத் தேடிப் போயின. பிறகு லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்த மார்க் டில்டன், பழைய சாமான்களிலிருந்து நடக்கிற பூச்சிகள் செய்தார். 1994 இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். 2004 இல் கடைக்கு வந்த ரோபோசேப்பியன் பொம்மையும் அவர் வடிவமைத்ததுதான்.

அவருடைய ‘நரம்பு’ மிக எளிது. ஒரு நொட் படலை, அதன் உள்ளீட்டுக்கு முன்னால் ஒரு கொள்ளளவி, உள்ளீட்டிலிருந்து பற்றரியின் மறைமுனைக்கு ஒரு தடையி. துடிப்பு வந்தால் வெளியீடு கீழே விழும். உள்ளீட்டில் ஏறின வோல்ற்றளவு தடையி வழியாக வடியுமட்டும் அப்படியே கிடக்கும். வடிந்ததும் வெளியீடு திரும்ப மேலே எழும்பும், அந்த எழும்பல் அடுத்த நரம்பைத் தட்டிவிடும். நாலு நரம்பை வளையமாகக் கோர்த்தால் துடிப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அதை டிரைவர் சிப் வழியாக இரண்டு மோட்டருக்குக் கொடுத்தால் கால்கள் மாறி மாறி அசையும். 0.22 மைக்ரோபரட், 2.2 மெகா ஓம் போட்டால் ஒரு துடிப்பு ஏறத்தாழ அரைச் செக்கன். உயர்தரப் பௌதிகத்தில் சோதனைக்காக மட்டும் பாடமாக்கின அந்த நேர மாறிலி, இங்கே ஒரு காலின் எட்டாக நிற்குது.

எங்கட பூச்சி முதல் இரண்டு நாளும் நடக்கவில்லை, நடுங்கினது. மோட்டர் பிழை எண்டு ஒருவரை ஒருவர் திட்டினோம். பிறகு ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு எல்.ஈ.டி. மாட்டிப் பார்த்தால் ஒரே நேரத்தில் இரண்டு எரியுது! பவர் போட்டவுடன் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு துடிப்பு கிளம்பி வளையத்தில் ஓடியிருக்கு. 74எச்.சி.14 சிப்பில் ஆறு படலை இருக்கிறது. மிஞ்சின ஒன்றை வைத்து மேலதிகத் துடிப்பைக் கொன்றோம். நடந்தது. லப்டொப் இல்லாத பிள்ளைதான் முதலில் அந்த இரண்டு வெளிச்சத்தையும் கண்டது.

ஒரு தடையியைக் கழற்றிவிட்டு ஒளியுணர் தடையி போட்டால் இன்னும் வடிவு. வெளிச்சம் படப்பட அந்தத் துடிப்பு குறுகும், காலின் வீச்சும் குறையும், நடை ஒரு பக்கம் சரியும். கால் எங்கையாவது சிக்கி மோட்டர் திணறினால் மின்னழுத்தம் விழுந்து தாளமே மாறும். புரோகிராம் எழுதுகிறவர் இதைக் குழப்பம் எண்டு வடிகட்டுவார். இங்கே அந்தக் குழப்பம் வழியாகத்தான் பூச்சிக்குத் தரை தெரியுது.

‘நரம்பு வலையமைப்பு’ எண்ட பேர் கொஞ்சம் பெரிய பேர்தான், ஒத்துக்கொள்ளுறம். இது எதையும் படிக்காது, நினைவிலும் வைக்காது. ஒரு வரைபடத்தைப் பார்த்து வீட்டுக்குள் வழி கண்டுபிடிக்கச் சொன்னால் ஏலாது. அதற்கு ஆர்டுயினோ வேணும், பிறகு படியுங்கோ. ஆனால் போட்டி நடத்துகிற ஆக்களிடம் ஒன்று கேட்கிறோம்: புரோகிராம் இல்லாத றோபோவுக்கும் ஒரு பிரிவு வையுங்கோ. உடைந்த சீடி பிளேயரின் மோட்டரும் குடைக்கம்பியும் கொண்டு வர நாங்கள் ரெடி.