பொருத்தம் என்பது சமம் அன்று

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

திருமணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். உழவு மாடு வாங்கினால் நுகத்தடிக்கு இணை பார்க்கிறோம். பாட்டுக் கேட்கும் கருவி வாங்கும்போது மட்டும் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறோம்: "எத்தனை வாட்?" கடைக்காரர் சொல்லும் எண் பெரிதாக இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோடு ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் இணைக்கும்போதும் நம்மில் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டுவதில்லை. நான் தாண்டினேன். ஆனால், தவறான பக்கம் தாண்டினேன். அந்தத் தவறு நம் பாடத்தின் வழியாகவே எனக்கு வந்தது என்பதால் அதைக் கல்லூரி மலரில் எழுதத் துணிகிறேன்.

என் பெரியப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். 1983இல் திரும்பி வரும்போது ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் அதுதான் பாடும். சென்ற பொங்கலுக்கு முன் நான் "பெருமத் திறன் மாற்றத் தேற்றம்" படித்து முடித்திருந்தேன். மின் மூலத்தின் அகத்தடையும் சுமையின் தடையும் சமமாக இருக்கும்போதுதான் சுமைக்கு மிகுந்த திறன் கிடைக்கும் என்பது தேற்றம். ஆய்வகத்தில் கற்றபடி பெரியப்பாவின் கருவியை அளந்து பார்த்தேன். அதன் வெளியீட்டுத் தடை ஏறத்தாழ 0.2 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். "அடடா, இத்தனை ஆண்டுகளாகப் பொருத்தமே இல்லாமல் பாடியிருக்கிறதே!" என்று இரங்கினேன். சுமையின் தடையைக் குறைப்பதற்காக, நண்பனிடம் இரவல் வாங்கிய 4 ஓம் பெட்டிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தேன்.

ஒலி கூடத்தான் செய்தது. மூன்றாம் பாட்டு முடியுமுன் வலப்பக்கத்தில் "டப்" என்றொரு சத்தம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளியபடி நின்றது; பிறகு கருகல் நாற்றம். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஒரு ஸ்பீக்கரின் கம்பிச்சுருளும் போயின. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பழுது பார்த்த ரேடியோ மெக்கானிக் எட்டாம் வகுப்போடு நின்றவர். கருவியைத் திருப்பி வைத்து, பின்பக்க எழுத்தின்மேல் விரலை வைத்தார். "தம்பி, காலேஜ் படிக்கிறீங்க. இதைப் படிக்கலியா? எட்டிலேர்ந்து பதினாறு ஓம்னு அவனே போட்டிருக்கான் பாருங்க. ஓம் குறைஞ்சா சுமை கூடும். ஒத்த மாட்டு வண்டியிலே ரெண்டு வண்டிப் பாரத்தை ஏத்தலாமா?" என்றார்.

தேற்றமும் அதன் எல்லையும்

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் தரும் அளவில் இருப்பதாகக் கொள்வோம். 8 ஓம் சுமையில் 1.5 ஆம்பியர் ஓடும். திறன் 18 வாட். நான் இணைத்த 8 ஓமும் 4 ஓமும் பக்க இணைப்பில் 2.67 ஓம் ஆகின்றன. மின்னோட்டம் 4.5 ஆம்பியர், மூன்று மடங்கு! அந்த மின்னோட்டம் முழுவதும் டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் செல்ல வேண்டும். தேற்றத்தின்படியே 0.2 ஓம் சுமையை வைத்திருந்தால் 30 ஆம்பியர். ஸ்பீக்கரில் 180 வாட், அகத்தடையில் இன்னொரு 180 வாட். எந்த வீட்டு ஆம்ப்ளிஃபயர் இதைத் தாங்கும்?

தேற்றம் பொய்யன்று. அது கேட்கும் கேள்வி வேறு. நம் தேவை வேறு. சமநிலையில் பாதித் திறன் மூலத்துக்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது என்பதையும், மூலம் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று தேற்றம் கேட்பதே இல்லை என்பதையும் நான் மறந்துவிட்டேன். 1840ஐ ஒட்டி யாக்கோபி இந்த விதியைச் சொன்னபின், மின் பொறிகளுக்கும் இதுவே சிறந்த நிலை என்று பல அறிஞர்கள் மயங்கினர். எடிசனும் அவருடைய கணிதத் துணைவர் பிரான்சிஸ் அப்டனும் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் டைனமோவின் அகத்தடையைச் சுமையைவிட மிகக் குறைவாக வைத்து அந்த மயக்கத்தைத் தெளிவித்தனர். நான் செய்தது நூற்றைம்பது ஆண்டுப் பழைய தவறு!

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒரு மின்னழுத்த மூலம்போல நடக்க வேண்டும். அதன் வெளியீட்டுத் தடை ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு குறைவாக இருப்பதே பொருத்தம். அப்போதுதான் ஸ்பீக்கரின் கூம்பு தானாக ஆடிக்கொண்டே இராமல் கட்டுக்குள் நிற்கும். சமம் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. தொலைக்காட்சி ஆன்டெனாவின் 75 ஓம் கம்பியில் அலை எதிரொலித்துத் திரும்பாமலிருக்கச் சமம் வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும்; ஸ்பீக்கருக்கு ஏற்ற முனையில் இணைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பேச்சுத்தான் "ஓம் மேட்ச் ஆகணும்" என்று இன்றும் நம் காதில் விழுகிறது.

வாட்டுக்கு முன்னே கேட்க வேண்டியவை

ஸ்பீக்கரின் மேல் எழுதியுள்ள 8 ஓம் ஒரு பெயரளவு எண். மல்டிமீட்டரில் வைத்தால் 6 ஓம் அளவே காட்டும். அது கம்பிச்சுருளின் தடை. பாடும்போது எழும் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஒத்ததிர்வில் 30 ஓமுக்கு மேலும் போகும். ஆகவே பார்க்க வேண்டியது அதன் மிகக் குறைந்த மதிப்பை. பழைய கருவிகளில் "ஏ", "பி" என இரண்டு இணை ஸ்பீக்கர்களுக்கு இடம் உண்டு. பெரும்பாலானவற்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அது பக்க இணைப்பு. இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும்.

அடுத்தது உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி என்பதே அது. 86 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்தால் கிடைக்கும் ஒலி, 92 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 20 வாட்டிலேயே கிடைத்துவிடும். வாட்டுக்கு அலைபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். என்.ஏ.டி. நிறுவனம் 1978இல் வெளியிட்ட 3020 என்னும் ஆம்ப்ளிஃபயர் வெறும் 20 வாட் கருவிதான். கடினமான சுமையிலும் தளராமல் மின்னோட்டம் தந்ததால் உலகப் புகழ் பெற்றது. மிகைப்படுத்திய வாட் கணக்கைத் தடுக்க அமெரிக்க அரசு 1974இலேயே ஆம்ப்ளிஃபயர்களுக்கு விதி வகுத்தது. நம் நாட்டிலோ கைக்கடக்கமான பெட்டியின் மேல் "பி.எம்.பி.ஓ." என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்றார்கள், நாமும் வாங்கினோம்.

மூன்றாவது, கருவியின் முதுமை. ஆண்டுகள் ஆனால் மின்தேக்கிகள் வறண்டுவிடும். பழைய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் நேர் மின்னழுத்தம் இருக்கிறதா என்று, ஸ்பீக்கரை இணைக்கும் முன் மல்டிமீட்டரால் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் போனால் மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்லுங்கள். அரை நிமிட வேலை. ஒரு ஸ்பீக்கரின் உயிர்.

ஹெட்போனின் கதை வேறு

விடுதி நண்பர் ஒருவர் தம் புதிய ஹெட்போனை ஒரு பழைய கருவியில் செருகிவிட்டு, "ஒரே தொம் தொம் என்கிறது, பழசு பழசுதான்" என்றார். குற்றம் பழமையில் இல்லை. அக்காலக் கருவிகள் பலவற்றில் ஹெட்போனுக்கென்று தனிச் சுற்று கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே சில நூறு ஓம் மின்தடை வழியாக ஹெட்போனுக்கு விட்டார்கள். அன்றைய ஹெட்போன்களுக்கு அது பொருந்தியது. சென்ஹைசர் 1968இல் கொண்டுவந்த எச்.டி. 414 ஹெட்போன் 2000 ஓம்!

இன்றைய ஹெட்போன் பெரும்பாலும் 32 ஓம். அது தாழ்ந்த சுருதியில் ஓரிடத்தில் 96 ஓமாக உயர்வதாகவும், உள்ளே 330 ஓம் மின்தடை இருப்பதாகவும் கொள்வோம். மின்னழுத்தப் பங்கீட்டுக் கணக்கின்படி அந்த இடத்தில் ஒலி 8 டெசிபெல் எழும்பிவிடும். அதுதான் நண்பர் கேட்ட "தொம் தொம்". அதே இடத்தில் 300 ஓம் ஹெட்போன் 500 ஓமாக உயர்ந்தாலும் மாற்றம் 2 டெசிபெல் மட்டுமே. எனவே பழைய ஆம்ப்ளிஃபயருக்கு உயர் ஓம் ஹெட்போன் நல்ல துணை. மின்னெதிர்ப்பு மாறாத பிளானர் வகைக்கும் இந்தக் குறை இல்லை. ஒலி அளவுதான் சற்றுக் குறையும். ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் நீதி ஒன்றே: கொடுப்பவரின் தடை குறைவாகவும், கொள்பவரின் தடை மிகுதியாகவும் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்

"இப்போது வரும் புளூடூத் ஸ்பீக்கரில் எல்லாப் பொருத்தமும் உள்ளேயே செய்து தருகிறார்களே, இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நமக்காக வேறொருவர் பொருத்தம் பார்த்து மூடியை ஒட்டிவிட்டதால், பார்க்கும் அறிவு நம்மிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயரின் மூடியை நான்கு திருகுகளில் திறக்கலாம். உள்ளே ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். இயற்பியல் மாணவனுக்கு அதைவிட நல்ல புத்தகம் ஏது? காயலான் கடைக்குப் போகும் அந்தப் புத்தகங்களை நாம் மீட்க வேண்டும்.

நம் பேராசிரியர்களிடம் பணிவோடு கேட்கிறேன். தேற்றத்தை மின்தடைப் பெட்டியில் சரிபார்க்கும் சோதனையோடு இன்னொன்றையும் சேருங்கள். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், 16, 8, 4 ஓம் கம்பிச்சுற்று மின்தடைகள், ஒரு மல்டிமீட்டர், டிரான்சிஸ்டர் பொருத்திய அலுமினியத் தகட்டில் ஒரு வெப்பமானி. சுமையின் ஓம் குறையக் குறையத் திறன் எப்படி ஏறுகிறது, தகடு எப்படிக் கொதிக்கிறது என்று மாணவர்கள் கையால் தொட்டு அறியட்டும். தேற்றம் எங்கே முடிகிறது என்பதும் பாடத்தின் பகுதிதானே?

அந்தச் சோதனை நடக்கும் முதல் நாளில், எங்கள் தெரு மெக்கானிக் போன்ற ஒருவரையும் அழைத்து முன்வரிசையில் அமர வைக்க வேண்டும். அவருக்குத் தேற்றத்தின் பெயர் தெரியாது, எல்லை தெரியும். எனக்குப் பெயர் தெரிந்திருந்தது, எல்லை தெரியவில்லை. பெரியப்பாவின் கருவி மீண்டும் பாடுகிறது, 8 ஓம் பெட்டிகளோடு. அதன் பின்பக்க எழுத்தை அவருக்குத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.