ஜெர்மன்ல எனக்கு மூணு வயசு

"வயசாயிடுச்சுப்பா, இனிமே புது மொழியெல்லாம் மண்டைல ஏறாது." ஆபீஸ்ல ஜெர்மன் வகுப்பு, ஜப்பானிய வகுப்புன்னு அறிவிப்பு வந்தா முதல்ல காதுல விழுற வசனம் இதுதான். சொல்றவருக்கு வயசு இருபத்தெட்டு! எனக்கும் அதே வயசுதான். அஞ்சு வருஷமா ஜெர்மனோடவும், ரெண்டு வருஷமா ஜப்பானிய மொழியோடவும் மல்லுக்கட்டுற அனுபவத்துல சொல்றேன், மண்டைல நல்லாவே ஏறும். பிரச்சனை வேற எடத்துல இருக்கு.

குழந்தைங்கதான் மொழியைக் கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கும்னு எல்லாரும் நம்புறோம். 1978ல காத்தரின் ஸ்னோ, மரியன் ஹூஃப்நாகல்-ஹோலேன்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நெதர்லாந்துக்குக் குடிபோய் டச்சு கத்துக்கிட்ட இங்கிலீஷ்காரங்களை, சின்னப் பிள்ளைல இருந்து பெரியவங்க வரைக்கும், கவனிச்சுப் பார்த்தாங்க. வேகமா முன்னேறினது 12லருந்து 15 வயசுக்காரங்க. கடைசில நின்னது 3லருந்து 5 வயசுக் குழந்தைங்க! நாள் போகப் போக, முக்கியமா உச்சரிப்புல, குழந்தைங்க நம்மளைத் தாண்டிடுவாங்கங்கறது உண்மைதான். ஆனா தொடக்கத்துல ஓட்டம் நம்ம பக்கம்தான்.

அதுலயும் தமிழ் தெரிஞ்சவனுக்கு ஜப்பானிய மொழியில ஒரு சலுகை இருக்கு. வினைச்சொல் கடைசில வரும், வேற்றுமை உருபு மாதிரி 'ஓ', 'நி', 'நோ'ன்னு பெயருக்குப் பின்னாடி ஒட்டிக்கும். 'தபேதே மிரு'ன்னா வார்த்தைக்கு வார்த்தை நம்ம 'சாப்பிட்டுப் பாரு'தான். (உடனே ரெண்டும் ஒரே குடும்பம்னு கிளம்பிடாதீங்க. சுசுமு ஓனோ அப்படிச் சொன்னார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலை.) ஜெர்மன்லயும் 'வைல்'னு காரணம் சொல்ல ஆரம்பிச்சா வினை கடைசிக்கு ஓடிடும். இங்கிலீஷ்காரன் அங்க முழி பிதுங்குவான், நமக்கு அது சொந்த வீடு.

அப்ப என்னதான் கஷ்டம்?

குழந்தைக்கு யோசனையும் மொழியும் சேர்ந்தே வளருது. மூணு வயசுப் பிள்ளை மூணு வயசு விஷயத்தைத்தான் பேசும். எனக்கு யோசனைக்கு இருபத்தெட்டு வயசு, என் ஜெர்மனுக்கு மூணு. தமிழ்ல அரசியல் பேசுவேன், நக்கலடிப்பேன், மேனேஜரை நாசூக்கா மறுத்துப் பேசுவேன். ஜெர்மன்ல? "இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு. ஆமா, நல்லா இருக்கு." அவ்ளோதான். கேக்குறவங்க கண்ணுல நான் ஒரு சாதுவான, கொஞ்சம் மந்தமான ஆளு. இந்த அவமானத்தைத் தாங்க முடியாமத்தான் முக்கால்வாசிப் பேர் பாதியில ஓடுறாங்க. பழியை மட்டும் ஞாபகசக்தி மேல போட்டுடுறாங்க.

எங்க துறை ஆளுங்களுக்கு இது ரொம்பவே உறைக்கும். சி தெரிஞ்சவன் ரெண்டு வாரத்துல ஜாவா எழுதுறான், அதே கணக்கை இங்கயும் போடுறோம். ஆனா கம்பைலர் யாரையும் பார்த்துச் சிரிக்காது, எந்த வரில தப்புன்னு சொல்லிடும். மனுஷங்க புன்னகையோட இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. அந்தப் புன்னகை இருக்கே... திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு தோணும் :-)

ஒரே நேரத்துல ரெண்டு மொழின்னா கூத்து இரட்டிப்பாகும். ஜப்பானிய வகுப்புல 'ஆனா'ன்னு சொல்ல வாயைத் திறந்தா, 'தெமோ' வரவேண்டிய எடத்துல ஜெர்மனோட 'ஆபர்' வந்து குதிக்கும். தமிழோ இங்கிலீஷோ குறுக்க வராது. அரைகுறையா தெரிஞ்ச மொழிதான் அரைகுறையா தெரிஞ்ச இன்னொண்ணோட முட்டிக்கும்.

நேரக் கணக்கையும் பார்த்துடுவோம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கத்துக்கொடுக்க 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம்னு கணக்கு வச்சிருக்கு. அது இங்கிலீஷ்காரங்களுக்கான கணக்கு, நமக்குக் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் வார இறுதியில மூணு மணி நேரம் வகுப்புக்குப் போற ஆளு 2200ஐ எட்ட 14 வருஷம் ஆகும். இதுல ரெண்டாவது மொழியையும் சேர்த்தா?

அதனால என் கருத்து இதுதான். ஒரு மொழியில நாம நாமளா இருக்க முடியற வரைக்கும் அடுத்ததைத் தொடாதீங்க. அதுக்கு அளவுகோல் சான்றிதழ் கிடையாது. ஜப்பானிய ஜேஎல்பிடி தேர்வுல என்5லருந்து உச்சியில இருக்குற என்1 வரைக்கும் பேச்சுத் தேர்வே கிடையாது, விடையைக் கறுப்படிச்சுட்டு வந்துடலாம். நாலு வருஷம் இஞ்சினியரிங்ல பரீட்சை எழுதிப் பழகின நமக்கு அது கைவந்த கலை. விசாவுக்கும் வேலைக்கும் சான்றிதழ் தேவைதான், நான் மறுக்கலை. ஆனா கையில சான்றிதழோட அந்த ஊர்ல போய் இறங்கி, மதியச் சாப்பாட்டு மேசையில எல்லாரும் சிரிக்கும்போது எதுக்குன்னு தெரியாம கூடச் சிரிக்கிறது பெரிய தனிமைங்க. அதை எந்த மதிப்பெண்ணும் போக்காது.

என் அளவுகோல் ரெண்டே ரெண்டு. அந்த மொழியில ஒருத்தரைச் சிரிக்க வைக்கணும். பால்காரனோடவோ வீட்டு ஓனரோடவோ ஒரு சின்ன சண்டையாவது போடணும். ரெண்டும் முடிஞ்சுதா, அடுத்த மொழிக்குத் தாராளமா கிளம்புங்க.

அதுவரைக்கும் மூணு வயசுப் பிள்ளையாவே இருப்போம். என்ன இப்போ, மூணு வயசுல தமிழையும் நாம தப்புத்தப்பாத்தானே பேசினோம்? அப்ப யாரும் மந்தம்னு சொல்லலையே, தூக்கி வச்சுக் கொஞ்சினாங்க!