விதை மட்டும் போதுமா?

மொழி பழக்கத்தால் படிவதே என்றார் ஸ்கின்னர். 1959இல் அவர் நூலுக்கு மதிப்புரை எழுதிய நோம் சோம்ஸ்கி அக்கோட்டையை அசைத்தார். முன்பு கேட்டறியாத வாக்கியத்தையும் குழந்தை படைக்கிறதே. அவ்வாற்றல் பிறவியில் அமைந்ததன்றோ? மொழியியலின் திசையே மாறிற்று.

ஆனால், அவர் பெயரைச் சொல்லி, "மொழி தானாய் வரும், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்போர் உளர். இது பேதைமை! நிகராகுவாவின் செவிகேளாக் குழந்தைகள் வீடுகளில் தனித்திருந்தவரை அவர்களிடம் இருந்தவை சில சைகைகளே. 1977 முதல் மனாகுவாவில் பள்ளியில் ஒன்றுகூடிய பின்னரே இலக்கணமுள்ள சைகைமொழி பிறந்தது. ஆசிரியர் எவரும் அதைக் கற்பிக்கவில்லை. கூடிப் பழகியதே அதனை வளர்த்தது.

விதை பிறவியின் கொடை. நீர் வார்ப்பது சமுதாயத்தின் கடன். அக்குழந்தைக்குச் சைகைமொழியை மறுத்துவிட்டு, ஊமையென முத்திரை குத்துவது அறமாகுமா?