‘வயசாகிடுச்சு, விட்டுடுங்க’ என்கிறார்கள்... என்ன செய்வது?

“எங்கள் தோட்டத்து நாய்க்குப் பதினோரு வயது ஆகிறது. பெட்டை நாய். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி நிறைய இருக்கிறது. பருத்திக்கு அடித்த மருந்து கொஞ்சம் மீதி இருக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்து உடம்பில் தேய்த்தால் உண்ணி செத்துவிடும் என்கிறார்கள். வயசாகிவிட்டது, இனி வைத்தியம் வீண் என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள். என்ன செய்யலாம்?”

- ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி தென்னை, மீதி வாழை, மஞ்சள், மண் பரிசோதனை. நாயைப் பற்றிக் கேள்வி வருவது அபூர்வம். நான் படித்தது வேளாண்மை. கால்நடை மருத்துவம் அல்ல. ஆனாலும் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அடுத்த இதழ் வரை காத்திருக்க முடியவில்லை. கடிதத்தில் இருந்த நம்பருக்கு அன்றைக்கே போன் செய்து, “அந்தப் பருத்தி மருந்தைத் தொடாதீங்கம்மா. நாளைக்குக் காலையிலேயே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மருந்து. இது என் துறை, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் பல, தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். நாய் சும்மா இருக்காது, நக்கும். அப்போது வாய் வழியாகவும் உள்ளே போகும். சிறிது நேரத்தில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கண்ணின் கருமணி சுருங்கும், கழிச்சல் போகும், உடம்பு நடுங்கும், மூச்சு திணறும். ஏற்கெனவே நோயில் கிடக்கிற நாய் என்றால் சொல்லவே வேண்டாம். டப்பாவில் இருக்கும் முக்கோணம் சிவப்பாக இருந்தால் கொடிய விஷம் என்று பொருள். ‘பச்சை முக்கோணம்தானே’ என்று உடம்பில் தேய்க்கவும் கூடாது. தெரியாமல் யாராவது தேய்த்துவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து போட முடியும். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தையும் அதே அளவில் நாய்க்குப் போடக் கூடாது. அளவு வேறு, சில மருந்து நாய்க்கே ஆகாது.

அடுத்தது, ‘வயசாகிவிட்டது’ என்ற பேச்சு. இதை நானும் ஒருமுறை சொன்னவன்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

என் மாமனார், மாமியார் இருவரும் பரமத்தி பக்கம் தோட்டத்திலேயே இருப்பவர்கள். மானாவாரிச் சோளம், கொஞ்சம் கடலை, ஒரு பட்டி வெள்ளாடு. பிள்ளைகள் எல்லாம் வெளியூர். பட்டிக்கும் அவர்களுக்கும் காவல், கருப்பன் என்ற நாய். சாதி எல்லாம் கேட்காதீர்கள், நம்மூர் நாய். ராத்திரி பட்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்துவிட்டுத்தான் படுக்கும். அதற்குப் பன்னிரண்டு வயது ஆனபோது ஒரு பங்குனி மாதம் அத்தை போன் செய்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, கருப்பன் நாலு நாளா கட்டுத்தறியை விட்டு எந்திரிக்கலீங்க. ராத்திரி சுத்தறதும் இல்லை. கம்பஞ்சோத்துல மோர் ஊத்தி வெச்சேன், மோந்துகூடப் பாக்கலீங்க.”

நான் அப்போது ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். “வயசாகிடுச்சுல்லங்க அத்தை, பன்னெண்டு வருசம் நாய்க்குப் பெரிய வயசு. கஷ்டப்படுத்தாம விட்டுடுங்க” என்றேன். அத்தை பதில் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மாமா பேசினார். வாசல் சிமென்ட் தரையில் ரத்தச் சொட்டு இருந்ததாம். பாம்பு கடித்திருக்குமோ, யாராவது கல்லால் அடித்திருப்பார்களோ என்று பார்த்தால், மூக்கிலிருந்து வந்திருக்கிறது. கூலிக்கு வந்த ஒருவர், வாசகிக்குச் சொன்ன அதே யோசனையை மாமாவுக்கும் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் நான் கத்தித் தடுத்தேன். “உங்க அத்தை ரெண்டு நாளா சாப்புடலீங்க மாப்பிள்ளை. வயசாயிருச்சுன்னா எங்களையும் இப்படித்தான் விட்டுருவாங்களான்னு கேக்கறா” என்றார் மாமா. அன்று மாலையே பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் கருப்பன் வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது. காது மடலுக்குள் ஆமணக்கு விதை போல உண்ணிகள். மறுநாள் காலை உள்ளூர் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்துப்போய் இருந்தது. புரட்டிப் படுக்க வைத்தால் அடிவயிற்றுத் தோலில் ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. “இது வயசு இல்லைங்க, உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு. ரத்தம் பார்க்கணும், நாமக்கல் கொண்டுபோங்க” என்றார்.

ஆடு ஏற்றும் குட்டியானை வண்டியில் சாக்கு விரித்து, கருப்பனைப் படுக்க வைத்து, மாமாவும் அத்தையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்ள, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் சாதாரணமாக இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். கருப்பனுக்கு 30 ஆயிரம்தான் இருந்தது. அதனால்தான் மூக்கில் ரத்தம் நிற்காமல் கசிந்திருக்கிறது.

உண்ணி வெறுமனே ரத்தத்தை உறிஞ்சிவிட்டுப் போவதில்லை. கடிக்கும்போது நுண்ணுயிரிகளை நாயின் ரத்தத்தில் விட்டுவிடுகிறது. எர்லிச்சியா என்ற பாக்டீரியா வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும், தட்டணுக்கள் குறையும். பெபீசியா என்ற இன்னொன்று சிவப்பு அணுக்களை உடைக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகலாம். இரண்டுக்கும் உண்ணிக் காய்ச்சல் என்றே பெயர் சொன்னாலும் மருந்து வேறு வேறு. அதனால்தான் ரத்தம் பார்க்காமல் ஊசி போடுங்கள் என்று டாக்டரை அவசரப்படுத்தக் கூடாது. இதில் ஒரு சூது உண்டு. எர்லிச்சியா மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உடம்பில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு தலைகாட்டும். நாய் மெதுவாக இளைக்கும், சோர்ந்து படுக்கும். நாம் ‘வயசு’ என்று நினைத்துக்கொள்வோம்.

கருப்பனுக்கு எர்லிச்சியா. எடை பார்த்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், டானிக் கொடுத்தார்கள். வண்டி வாடகையோடு சேர்த்து ஆன மொத்தச் செலவு, ஒரு வெள்ளாட்டுக் குட்டி விலைக்குள் அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் தலை தூக்கியது. ஐந்தாம் நாள் அவித்த முட்டையைப் பிசைந்த சோறு நாலு வாய் தின்றது. பத்தாம் நாள் எழுந்து ஆட்டுப்பட்டி வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தது. அங்கேதான் ஆபத்து. “அவன்தான் தேறிட்டானே, இனி எதுக்குங்க மாத்திரை” என்று மாமா ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினால் கிருமி மிச்சமிருந்து மறுபடி கிளம்பும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அத்தை விடவில்லை. மாத காலண்டரில் மாத்திரை கொடுத்த நாளுக்கெல்லாம் மஞ்சளால் பொட்டு வைத்தார். 28 பொட்டும் வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அந்த ஒரு மாதமும் இருவரும் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுக் கருப்பன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். தேர்வு நேரத்தில் தன்னோடு ஒரு ராத்திரி விழித்திருந்ததில்லை என்று என் மனைவி இன்னமும் கிண்டல் செய்வாள்.

இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் நாய் வாந்தி எடுக்கும். கொஞ்சம் சோறு தின்ற பிறகு கொடுத்து, தண்ணீர் குடிக்க வையுங்கள். நம் வீடுகளில் எந்த மாத்திரையையும் பாலில் கரைத்துத்தான் கொடுப்போம். இதற்கு அது வேண்டாம், பாலோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சேருவது குறையும். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று அத்தையும் டாக்டரைக் கேட்டார். “மாத்திரைக்குப் பதிலா அதைக் கொடுத்துடாதீங்கம்மா” என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். ரத்தம் குறைந்த நாய்க்கு வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை ஊற்றாதீர்கள். வெங்காயம் நாயின் சிவப்பு அணுக்களைக் கெடுக்கும். காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையைக் கொடுப்பது அதைவிட மோசம். வலிக்கு நாம் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்யவும் முடியாது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பான சூடுதான்.

வாசகியின் நாய் பெட்டை என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கருத்தடை செய்யாத வயதான பெட்டைக்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள், நிறையத் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் சோர்ந்து படுப்பது, வயிறு உப்புவது, பின்பக்கம் சீழ் வடிவது என்று கண்டால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். சில சமயம் சீழ் வெளியே வராமலே உள்ளே தங்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சாப்பிடாத நாயின் வாயில் கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வெறிநோய் தடுப்பூசி வருடா வருடம் போட்ட நாயா என்று முதலில் யோசியுங்கள். போடாத நாய் எச்சில் ஒழுக்கி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் இருந்தால், அல்லது குணம் மாறியிருந்தால், கிட்டே போகாமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கருப்பன் பிழைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. நாய் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான். பெண் உண்ணி வயிறு நிறைய ரத்தம் குடித்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பில், கட்டைச் சந்தில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். குஞ்சுகளும் ஒவ்வொரு பருவத்திலும் நாய் மேல் ஏறி ரத்தம் குடித்து இறங்கும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். மாமா கட்டுத்தறிச் சுவரின் வெடிப்பை எல்லாம் சிமென்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார். கருப்பன் படுத்த பழைய சாக்கைக் கொளுத்தினார். நாய்க்கு, கழுத்துப் பக்கம் விடும் சொட்டு மருந்து இருக்கிறது, தின்னக் கொடுக்கும் மாத்திரையும் இருக்கிறது. எடைக்கு ஏற்றதை டாக்டரிடம் கேட்டு வாங்கி, நாள் தவறாமல் போடுங்கள். வேப்பெண்ணெய் தடவுபவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதை மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயைத் தொடுவதால் நமக்கு நோய் ஒட்டாது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த வேண்டியதில்லை, தொட்ட பிறகு கை கழுவினால் போதும்.

எல்லா நாயும் கருப்பன் போலத் தேறிவிடும் என்று சொல்லமாட்டேன். எலும்பு மஜ்ஜை வரைக்கும் கெட்டுவிட்டால் மருந்து வேலை செய்வது கஷ்டம். கருப்பன் அதற்குப் பிறகு இரண்டு பங்குனி பார்த்தது. பட்டியை மூன்று சுற்று சுற்றியது ஒரு சுற்றாகக் குறைந்தது, ஒரு கண்ணில் புரை விழுந்தது. கடைசியில் ஒரு மார்கழி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டது. வேப்பமரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அத்தை இப்போதும் காபி கொடுத்துவிட்டு, “வயசாயிருச்சுங்க மாப்பிள்ளை, கை நடுங்குது” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

தாராபுரம் வாசகி மறுபடி போன் செய்தார். ரத்தம் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரிந்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இதை எழுதும்போது ஒன்பதாவது நாள். கஞ்சி குடிக்கிறதாம், இன்னும் நடக்கவில்லையாம். அம்மா, மாத்திரை முடிந்ததும் மறுபடி ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வார்கள், பழைய சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பருத்தி மருந்தின் மீதியைக் கிணற்றடியில் கொட்டவும் வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி பற்றிக் கேட்டிருந்த மூலனூர் வாசகருக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.