தறி ஓய்ந்தால் மொழி ஓயும்!

வையையின் வடகரையில் அமைந்த செல்லூர், மதுரையின் நெசவூர். அங்கே ஒருகால் தெருவெல்லாம் நிறைந்திருந்த கைத்தறியோசை இன்று தேய்ந்துவிட்டது. முதலில் கைத்தறியை விசைத்தறி விழுங்கிற்று. இன்று விசைத்தறியையும் விட்டு இளைஞர் வெளியேறுகின்றனர். இதனை ‘வளர்ச்சி’ என்கின்றனர் பொருளியலார் சிலர். உழவினின்று ஆலைக்கும், ஆலையினின்று பணித்துறைக்கும் ஏறுதல் நாடுகளின் படிமுறையாம்!

படிமுறை இருக்கட்டும், ஏறியவர் யார்? இங்கிலாந்து போன்ற நாடுகள், உழவர் பெரும்பாலாரை ஆலைத்தொழில் ஏற்றுக்கொண்ட பின்னரே பணித்துறைக்கு மாறின. இந்தியாவோ நடுப்படியைத் தாவிற்று. நாட்டின் ஆக்க மதிப்பில் பாதிக்குமேல் இன்று பணித்துறையினது. செய்தொழிலினது ஏறத்தாழ ஆறிலொரு பங்கே. ஆயினும் உழைப்போரில் பதின்மருள் நால்வர்க்கு மேல் இன்னும் உழவிலேயே உழல்கின்றனர். வருவாய் தாவிற்று, மக்கள் தாவவில்லை.

தறியை விட்ட நெசவாளியின் மகன் இலந்தைக்குளத்துக் கணினிப் பூங்காவிற்குள் என்னவாக நுழைவான்? ஆங்கிலம் வாய்த்த சிலர்க்கு நாற்காலி. ஏனையோர்க்கு வாயிற்காவலும் துப்புரவும்!

இழப்பு கூலியோடு முடிவதன்று. பாவு, ஊடை, தார், அச்சு, விழுது எனத் தறியைச் சூழ்ந்த சொல்லெல்லாம் தமிழ். எழுத்தறியா நெசவாளியும் தன் தொழில்நுட்பம் முழுவதையும் தாய்மொழியிலேயே கற்றான், கற்பித்தான். நூல் என்னும் ஒரு சொல்லே இழையையும் ஏட்டையும் குறிப்பது தமிழில். ஏடியற்றுதலை நூல் நூற்றலோடு ஒப்பிட்டார் நன்னூல் செய்த பவணந்தியார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணியும் விற்றார், பாவும் புனைந்தார். தொழில் செத்தபின் அதன் சொல் அகரமுதலியில் மட்டுமே கிடக்கும்.

“காலத்தைத் திருப்ப இயலுமோ?” என்பர். கைத்தறிக்கென 22 துணிவகைகளை ஒதுக்க 1985இல் சட்டம் செய்தது நடுவணரசு. பின்னர் அவற்றை 11ஆகக் குறைத்ததும் அதுவே. அரண் பாதியானது காலத்தின் செயலா, ஆட்சியின் செயலா?

கணினியை உடைக்க எவரும் கேட்கவில்லை. செய்தொழிலுக்கு அரண் வேண்டும். பணித்துறையின் மேசையிலும் தமிழ் அமர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. தமிழில் கற்றவனுக்குத் தமிழில் வேலை எங்கே?

தமிழினமே! ஆக்கும் கையை இழந்த இனம் ஏவல் கேட்கும் இனமாகும். செல்லூர்த் தறி முற்றும் ஓயுமுன் விழித்தெழு!