மோதிரத்திற்கு எத்தனை மாதச் சம்பளம்?

தை பிறந்துவிட்டால் நம் தீவுகளில் நிச்சயதார்த்தங்கள் வரிசையாகத் தொடங்கிவிடுகின்றன. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய பின்னும் நம்மில் பலர் போர்ட் பிளேர் என்றே சொல்லிவரும் தலைநகரிலும் சரி, ரங்கத்திலும் மாயாபந்தரிலும் சரி, தமிழ்க் குடும்பங்களில் இச்சடங்குக்கு முன்பு வேண்டியிருந்தவை வெற்றிலை பாக்கு, பூ, பழம், புடவை, இரு வீட்டுப் பெரியவர்கள் ஆகியவையே. இப்போது தாம்பூலத் தட்டின் நடுவே ஒரு சிறு பெட்டி வந்து அமர்ந்திருக்கிறது. பெட்டிக்குள் இருப்பதற்கு எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இரண்டு மாதச் சம்பளமாவது போட வேண்டாமா என்று மணமகனை நண்பர்கள் உசுப்புகிறார்கள். இந்த இரண்டு மாதக் கணக்கு தீவில் வாழும் எவருக்கும் பொருந்தாது என்பது நம் கருத்து.

இக்கணக்கு எந்தச் சாத்திரத்திலும் இல்லை. எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. சொன்னவர்கள் வைரம் விற்றவர்கள். 1870களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களிலிருந்து வைரம் பெருமளவில் வரத் தொடங்கியதும் அதன் அருமை குறையும் நிலை ஏற்பட்டது. 1888இல் அமைந்த டி பியர்ஸ் நிறுவனம் சந்தைக்கு வரும் அளவைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது. அளவை அடக்கினால் மட்டும் போதாது, ஆசையையும் வளர்க்க வேண்டும் என்று கண்டு, 1938இல் என்.டபிள்யூ. அயர் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தை நாடியது. வைரத்தின் அழியாமையைக் காதலோடு இணைத்த புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை 1947இல் எழுதியவர் அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் ஜெரெட்டி. பின்னர் 1980களில் அமெரிக்கர்களிடம் இரண்டு மாதச் சம்பளம் என்றது விளம்பரம். ஜப்பானியரிடம் மூன்று மாதம் என்றது. ஜப்பானில் 1967இல் 100 மணப்பெண்களில் 5 பேருக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றனர். 1981இல் அது ஏறத்தாழ 60 ஆயிற்று. பதினான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டுக்குப் புதிய மரபு வாய்த்துவிட்டது!

அதே அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு பொருளியலாளர்கள் திருமணமான 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் திரட்டி 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மோதிரத்திற்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை செலவிட்ட ஆண்களிடையே மணமுறிவு, 500 முதல் 2,000 டாலர் வரை செலவிட்டவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. விலையுயர்ந்த மோதிரமே மணத்தை முறிக்கிறது என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. செலவு ஏறினால் உறவு வலுக்கும் என்ற வாக்குறுதிக்கு அங்கே சான்று கிடைக்கவில்லை என்ற அளவில் கொள்ளலாம்.

மோதிரம் விலையால் மதிப்புப் பெற்ற பொருளாக எக்காலத்தும் இருந்ததில்லை. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, தம் காலத்திலும் மணம் பேசப்பட்ட பெண்ணுக்கு அனுப்பப்பட்டது கல் பதிக்காத இரும்பு மோதிரமே என்று குறித்திருக்கிறார். நமக்கு அதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கடல் தாண்டித் தீவு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்த மோதிரங்களில் அனுமன் கொண்டுசென்ற கணையாழியே நாம் அனைவரும் அறிந்தது. அசோகவனத்தில் சீதை அதன் எடையைப் பார்க்கவில்லை. அது யாருடையது என்று பார்த்தாள். (அந்தமான் என்ற பெயரே அனுமனின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. அந்த வாதத்திற்குள் நாம் இப்போது போகவில்லை.)

இவ்வளவு சொல்வதால் மோதிரம் மாற்றும் வழக்கத்தையே நாம் எதிர்ப்பதாகக் கொள்ள வேண்டாம். தீவுகளில் அதற்கு நல்லதொரு காரணம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்குள்ள மக்கள் 3,80,581 பேர்; அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நம் பக்கத்து வீட்டில் வங்காளியும் எதிர்வீட்டில் தெலுங்கரும் பின்கட்டில் ராஞ்சியிலிருந்து வந்த குடும்பமும் வசிப்பது இங்கே இயல்பு. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். பின்னர் ஒருவரையொருவர் விரும்பி மணக்கவும் செய்கிறார்கள். வங்காளப் பெண்ணுக்குச் சங்கு வளையலும் இரும்புக் காப்பும் மணத்தின் அடையாளம், நமக்குத் தாலி. இரண்டில் எதை முதன்மையாக்குவது என்று சம்பந்திகள் தயங்கும் அவையில், எவருடைய குலவழக்கும் அல்லாத மோதிரம் இரு தரப்புக்கும் பொதுவாகிவிடுகிறது. கிறித்தவக் குடும்பங்களுக்கோ அது நெடுநாளாகவே உரியது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தீவின் தொடக்ககாலத் திருமணங்கள் நினைவுக்கு வருகின்றன. 1858இல் தண்டனைக் குடியிருப்பாகத் தொடங்கிய இவ்வூரில், நாடுகடத்தப்பட்ட கைதி பத்தாண்டு உழைப்புக்குப் பின்னரே தன் கையால் பிழைக்கும் உரிமைச் சீட்டைப் பெற்றான். அதன் பின்னரே நிலம் உழவும் மாடு வளர்க்கவும் மனைவியோடு வாழவும் அவனுக்கு இசைவு கிடைத்தது. அத்தகைய இணைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே நன்மதிப்போடு வாழ்கிறார்கள். அந்த ஆட்சியில் போற்றுவதற்கு அதிகம் இல்லை. ஆயினும் மணத்திற்கு முன் அது கேட்டது ஒன்றே: இவனால் ஒரு குடும்பத்தைத் தாங்க முடியுமா?

இன்றைய மணமக்களும் அதே கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நம் வாதம். மதுரையிலோ திருச்சியிலோ வாழ்பவருக்கு இல்லாத ஒரு செலவு தீவுவாசிக்கு உண்டு. அது கடலைக் கடக்கும் செலவு. சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் போனால் மூன்று நாள். அதுவும் கப்பல் புறப்படும் நாளைப் பொறுத்தது. விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் அவசரமாகச் சீட்டு எடுப்பவர் எவ்வளவு கொடுக்க நேரும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் தந்தைக்கு நெஞ்சுவலி என்று செய்தி வரும். மனைவியின் பேறுகாலத்தில் மருத்துவர், இனிப் பொறுக்க வேண்டாம், சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்பார். அந்த நேரத்தில் கையில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதே அந்த வீட்டின் தலையெழுத்தை மாற்றிவிடும். விரலில் இருக்கும் மோதிரத்தைக் கொண்டு விமானம் ஏற முடியாது. அதை அடகு வைக்கவும் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

எனவே நாம் பரிந்துரைக்கும் கணக்கு சம்பளத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் இருவருக்கும் சென்னைக்குப் போய்வரும் அவசரப் பயணத்திற்கான தொகை. அடுத்து மூன்று மாதக் குடும்பச் செலவு. இவ்விரண்டும் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். இவற்றைத் தொடாமல் கையில் மிஞ்சுவது எவ்வளவோ, அதற்குள் மோதிரம் அமையட்டும். மிஞ்சுவது 8,000 ரூபாய் என்றால் மோதிரமும் 8,000 ரூபாய்தான். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் வெள்ளி மோதிரம் போடலாம். பாட்டியின் பழைய மோதிரத்தை அளவு மாற்றியும் போடலாம். இதில் எந்தக் குறையும் இல்லை.

மோதிரத்திற்காகக் கடன் வாங்குவதை மட்டும் நாம் எவ்வகையிலும் ஆதரிக்க இயலாது. கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் இதழில் இப்படி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் தனிநபர் கடன், ஆண்டு வட்டி 14 விழுக்காடு, 36 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறத்தாழ 3,418 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் வட்டி மட்டும் 23,000 ரூபாயைத் தாண்டும். அதே அளவான 3,400 ரூபாயை நிச்சயதார்த்தத்திற்கு இரண்டு ஆண்டு முன்பிருந்தே தொடர் வைப்பில் போட்டுவந்தால் 24 மாதத்தில் முதல் மட்டும் 81,600 ரூபாய் சேர்ந்திருக்கும். வட்டி அதற்கு மேல். முதல் தவணை கட்டும் மாதத்திலேயே புதுக்குடித்தனத்தின் வாடகையும் பாத்திரம் பண்டங்களின் செலவும் வந்து நிற்கும் என்பதை எவரும் முன்கூட்டி நினைத்துப் பார்ப்பதில்லை.

பொன்னில் போட்ட பணம் எங்கே போய்விடும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். பாதி உண்மை. கணக்கு எளிமைக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். 4 கிராம் மோதிரத்தில் பொன் 40,000 ரூபாய். செய்கூலி, சேதாரம் 12 விழுக்காடு என்றால் 4,800. மொத்தத்தின் மீது 3 விழுக்காடு ஜிஎஸ்டி 1,344. ஆக 46,144 ரூபாய் கொடுத்து வாங்கிய மோதிரத்தை மறுநாளே விற்கப் போனால் 40,000க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கல் பதித்ததாயின் இழப்பு இன்னும் கூடும். நகைக்கடனில் கல்லின் எடையைக் கழித்துவிட்டே மதிப்பிடுவார்கள் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அணிவதற்காக வாங்குவது அணிகலன், சேமிப்பு வேறு. 2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் ஊர்களே கடலோடு போயின. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அங்கே இருந்தன. அலை புகுந்த வீடுகளில் பெட்டிக்குள் பூட்டியிருந்தது எதுவும் மிஞ்சவில்லை. கணக்கில் இருந்த தொகை மட்டும் கடலுக்கு எட்டாமல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மோதிரம் மாற்றுவது என்பதால் ஒரு கை கொடுத்ததை மறு கை திருப்ப வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அரைச் சவரன் போட்டால் பெண்வீட்டார் முக்கால் சவரனாவது போட நினைக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, ஆயினும் அளவு ஏறிவிடுகிறது. அன்பளிப்பு சீர்வரிசையாகவும், சீர்வரிசை வரதட்சணையாகவும் நிறம் மாறுவதற்கு இதுவே வாசல். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம், மணத்தின்போது பெண்வீட்டார் விரும்பித் தரும் அன்பளிப்பும் வழக்கத்தை ஒட்டியதாகவும் கொடுப்பவரின் பொருள்நிலைக்கு மிகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதைப் பட்டியலில் எழுதி வைக்கவும் சொல்கிறது. ஆகவே இரு வீட்டாரும் கடைக்குப் போவதற்கு முன்பே ஒரே தொகையைப் பேசி முடிவு செய்துகொள்வது நலம். மணமக்கள் இருவரும் தத்தம் சம்பளத்தையும் இருக்கும் கடன்களையும் ஒருவரிடம் ஒருவர் திறந்து சொல்லியிருந்தால் இப்பேச்சு அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். சொல்லாமல் மோதிரம் மட்டும் மாற்றிக்கொள்ளும் இணைகளை எண்ணித்தான் நமக்குக் கவலை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. சென்னை தியாகராய நகரில் வாங்கினாலும் இங்கே அபர்தீன் பஜாரில் வாங்கினாலும் பிஐஎஸ் முத்திரையைப் பாருங்கள். 22 காரட்டுக்கு 916 என்றும் 18 காரட்டுக்கு 750 என்றும் எண் இருக்கும். அதனுடன் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்க வேண்டும். அக்குறியை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் நகையின் விவரம் தெரியும். முத்திரைக் கட்டாயம் மாவட்டம் மாவட்டமாகவே விரிந்துவருவதாலும், 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு இருப்பதாலும், மெல்லிய மோதிரம் வாங்குவோர் கடைக்காரர் காட்டாவிட்டாலும் கேட்டுப் பெறுவது நல்லது. பொன்னின் எடை, கல்லின் எடை, செய்கூலி ஆகியவை தனித்தனியாக எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். விரல் அளவை முன்கூட்டியே எடுத்துச் செல்லுங்கள். அளவு தவறினால் மாற்றுவதற்கு மீண்டும் கடல் தாண்ட வேண்டியிருக்கும்.